சுருங்காத முட்டை

சுருங்க வேண்டிய முட்டை ஒரு சுற்றுப் பெருத்துப்போய் பீக்கருக்குள் உட்கார்ந்திருந்தது.

உயிரியல் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வினிகரில் ஓட்டைக் கரைத்து, வெறும் தோலோடு நின்ற இரண்டு முட்டைகளில் ஒன்றை நல்ல தண்ணீரிலும் மற்றதைக் கெட்டியான உப்புத் தண்ணீரிலும் நேற்றுப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நல்ல தண்ணீரில் கிடப்பது வீங்க வேண்டும். உப்பில் கிடப்பது உள்ளே இருக்கும் நீரை வெளியே விட்டு வற்ற வேண்டும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி உப்பிக் கிடந்தன.

"சார், சவ்வு வழியா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு சொன்னீங்க?" என்றது கடைசி பெஞ்ச்.

வகுப்பு சிரித்தது. பாடத்தை இழுப்பார் என்பதால் பிள்ளைகள் அவருக்கு ஏற்கெனவே வைத்திருந்த பெயர் 'ஜவ்வு சார்'. செல் சவ்வுப் பாடம் வந்ததும் அந்தப் பெயருக்கு வாழ்வு வந்துவிட்டது.

இடைவேளையில், ஆய்வகத்துக்கு எதிரே இருந்த நூலகத்துக்குப் போனார். மூன்று வருடமாக அந்த வாசலைப் பார்த்துக்கொண்டே கடந்து போனவர். உள்ளே நூலகர் அம்மாள் தலை குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். போய் நிற்க ஆசைதான்; ஆனால் நாற்பத்திரண்டு வயதில், காரணமில்லாமல் நூலகத்துக்குள் நுழைகிற தைரியம் அவருக்கு இல்லை. இன்று முட்டை இருந்தது.

"சவ்வூடு பரவல் பத்தி ஏதாவது புத்தகம்..."

"உட்காருங்க சார், தேடித் தரேன். என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். இருபது நிமிடம் சொன்னார். அவர் பேசி, கொட்டாவி விடாமல் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

அன்றைக்கே, செவ்வாய்க்கிழமையே, உப்பை இரட்டிப்பாக்கினார். புதன்கிழமை முட்டை இன்னும் பெருத்திருந்தது. கரைசலில் விரலை விட்டு நக்கிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. 'ஆய்வகத்தில் எதையும் ருசி பார்க்காதே' என்று சுவரில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். கையை இழுத்துக்கொண்டு நூலகத்துக்கு நடந்தார்.

"இந்தப் புத்தகத்துல வேற மாதிரி போட்டிருக்கு சார், பாருங்க," என்று நூலகர் அம்மாள் இன்னொன்றை நீட்டினார். பிறகு, மெதுவாக, "வெள்ளிக்கிழமையோட நான் கிளம்பறேன். வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

ஆசிரியர் எத்தனையோ சொல்ல நினைத்தார்.

"அப்போ... இந்தப் புத்தகத்தை யார்கிட்ட திருப்பிக் கொடுக்கிறது?" என்றார்.

அன்று மாலை, ஓடு கரைத்து வைத்திருந்தவற்றில் பெரிய முட்டையாகப் பார்த்துக் கரைசலில் போட்டார். வியாழக்கிழமை தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிட வந்தார். பூசணிப் பிஞ்சு மாதிரி கிடந்ததை ஆசிரியர் கரண்டியால் தூக்கிக் காட்டிய நிமிடத்தில் அது வெடித்தது. தலைமையாசிரியரின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது.

"இது பரிசோதனையா, ஆம்லெட்டா? திங்கட்கிழமையும் இப்படித்தான்னா, இந்த வகுப்பை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்!"

வெள்ளிக்கிழமை முட்டையும் வீங்கித்தான் கிடந்தது. அவர் கடைசி முறையாக நூலகத்துக்குப் போனார். மேஜை காலியாக இருந்தது. பை தயாராக இருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும் சார்," என்றார் நூலகர் அம்மாள். "தண்ணி மாதிரி சின்னது தானாவே சவ்வைத் தாண்டிடுது. பெரிசா இருக்கிறது எப்படித் தாண்டும்?"

ஆசிரியர் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி! அதுக்குன்னு சவ்வுல புரதத்தாலான கதவு இருக்கு. சில சமயம் செல் தன் சக்தியைச் செலவு பண்ணித்தான் உள்ளே இழுக்கும்."

"எவ்வளவு நாளா வாசல்லயே நின்னாலும் தானா உள்ள வராதா?"

"வராது. இந்தப் பக்கம் இருக்கிறவங்கதான் ஏதாவது பண்ணணும்."

"சரிதான்," என்றார் அந்த அம்மாள். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டார். ஆசிரியர் வாசல் வரை போய், புரதக் கதவுகளில் எத்தனை வகை என்பதைச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினார்.

அன்று மாலை, எதையும் மாற்றாமல், அதே உப்பில் அதே அளவில் ஒரு முட்டையைப் போட்டு வைத்தார். மனசே இல்லை.

திங்கட்கிழமை அது திராட்சை வற்றல் மாதிரி சுருங்கிக் கிடந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர், புதுச் சட்டையில், தூரமாக நின்றே தலையாட்டிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு ஆசிரியர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே நூலகக் கதவு திறந்திருந்தது. போவதற்கு இனி ஒரு காரணமும் இல்லை. ஆய்வகம் பெருக்கும் பெண்மணி துடைப்பத்தோடு உள்ளே வந்தார்.

"ஒண்ணுமே புரியலம்மா," என்றார் ஆசிரியர். "அதே முட்டை, அதே உப்பு. ஒரு வாரமா வீங்கினது இன்னிக்கு மட்டும் எப்படிச் சுருங்கிச்சு?"

"சுருங்காம என்ன சார் பண்ணும்? தினமும் சாயங்காலம் உங்க உப்புத் தண்ணியைக் கொட்டிட்டு நல்ல தண்ணியை ஊத்தி வைக்க, லைப்ரரி அம்மாதான் இப்போ இல்லியே."