பஸ்ஸில் வந்த மிரர்

"சார், எதுவுமே இறங்க மாட்டேங்குதுங்க," என்றாள் லேப் உதவியாளர் நர்மதா.

ராசிபுரத்துக்கு வெளியே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் இளவழகன்தான் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பு. திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. அதற்கு வேண்டிய இலவச மென்பொருட்களை விநியோகிக்கும் சர்வர்கள் அத்தனையையும் கல்லூரி அடைத்து வைத்திருந்தது. மாணவர்கள் பார்த்த கிரிக்கெட்டும் அதே சர்வர்களிலிருந்துதான் வந்து தொலைத்தது.

பிரின்சிபால் அன்பழகனிடம் போனான். அவர் அறைக்கு மட்டும் தடை கிடையாது. பெரியவர்கள் கெட்டுப்போக மாட்டார்கள்.

"ஒரு நாளைக்குத் தொறந்து வுட்டீங்கன்னா போதுங்க சார்."

"இன்னைக்கு சாப்ட்வேரும்பீங்க, நாளைக்குப் பசங்க மேட்ச் பாப்பாங்க. அடைச்சது அடைச்சதுதானுங்க."

இளவழகன் தன் செல்போன் இணைப்பில் ஒரு மிரர் செய்யப் பார்த்தான். மிரர் என்றால், வெளியே இருக்கும் மென்பொருள் கிடங்கை அப்படியே நகலெடுத்து லேபிலேயே வைத்துக்கொள்வது. பிறகு யார் தயவும் வேண்டாம். ஆனால் வேண்டியதை மட்டும் கேட்காமல் கிடங்கு முழுவதையும் கேட்டுவிட்டான். டீ குடித்துவிட்டு வருவதற்குள் டேட்டா தீர்ந்துபோயிருந்தது.

அடுத்து, பிரின்சிபால் அறைக்குப் போகும் வயரை வராந்தாவில் கழற்றி லேபுக்கு மாட்டினான். உள்ளே அவர் தாளாளரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார் என்பது, அவர் வெளியே வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

"திங்கக்கெழம லேப் ஓடலீன்னா, செவ்வாக்கெழம நீங்க வர வேண்டாமுங்க."

அவ்வளவு கோபத்திலும் மரியாதை குறையவில்லை. இளவழகனுக்கு இது மூன்றாவது வேலை. ஏற்கெனவே இரண்டு வேலை போனதைப் பற்றியே மனைவி ஜோதி இன்னும் பேசி முடிக்கவில்லை.

சேலத்தில் வேறொரு கல்லூரியில் வேலை பார்க்கும் நண்பன் கவினுக்குப் போன் செய்தான்.

"இங்கயும் அதே கதைதான்டா, எல்லாத்தையும் அடைச்சுட்டாங்க. ஆனா எங்க ஸ்டூடண்ட் ஒரு பொண்ணுகிட்ட மொத்த மிரரும் டிஸ்க்ல இருக்கு. அவங்கப்பா வாராவாரம் புதுசா இறக்கி அனுப்பறாராம். பொண்ணு படிப்புல அவ்வளவு அக்கறை! வாங்கி, பஸ்ல குடுத்து வுடறேன்."

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாகப் போகும் நாமக்கல் பஸ்ஸில் மல்லிகைப்பூவிலிருந்து மாத்திரை வரை கண்டக்டரிடம் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் பழக்கம்தான். சனிக்கிழமை மாலை ராசிபுரம் பஸ் நிலையத்தில் இளவழகன் காத்து நின்றான். பஸ் வந்தது. கண்டக்டர் மணியன் டிஸ்க்கை எடுத்து நீட்டினார். வேலை தப்பித்த சந்தோஷத்தில் இளவழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத அந்தத் தகப்பனை மனதாரக் கும்பிட்டான்.

மணியன் அவன் கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏனுங்க, இது காலைல உங்க பிரின்சிபால், சேலத்துல படிக்கற அவரு பொண்ணுக்குக் குடுத்து வுட்ட டிஸ்க்குங்களே... அந்தப் புள்ள வேண்டாம்னு திருப்பி அனுப்பிருச்சுங்களா?"