பாட்டு சார் வீட்டுப் பாய்லர்

விழுப்புரத்தில் எங்கள் லைன் வீட்டுக் குடித்தனக்காரர்களைப் போலக் குளியலறையில் கூச்சல் போட்டவர்கள் இந்த உலகத்திலேயே கிடையாது. அடித்துச் சொல்வேன். எங்களில் ஒருத்தருக்கும் பாட வராது. பாடாமல் குளிக்க வீட்டுக்காரர் விடமாட்டார், அவ்வளவுதான் விஷயம்.

அவர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. எண்பதுகளில் நாங்கள் அங்கே குடியிருந்தபோது தெருவுக்கே அவர் பாட்டு சார். அவர் ஒரு வரி பாடி யாரும் கேட்டதில்லை. மூன்று குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே குளியலறை. அதற்குள் ஒரு செம்புப் பாய்லர். நடுவில் கரியைப் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியிருக்கிற தண்ணீர் சுடும். புகை ஒரு தகரக் குழாய் வழியாகச் சுவரைத் தாண்டி வெளியே போகும். யாராவது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால் போதும், பாட்டு சார் முக்காலியோடு வந்து கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிடுவார்.

"தம்பி, குரல் குடு."

"சோப்பு போட்டுக்கினு இருக்கேன் சார்."

"போட்டுக்கினே பாடு. வாயிலயா சோப்பு போடற?"

முதல் குடித்தனம் ஒரு கணக்கு வாத்தியார். பாட்டு வராததால் அவர் வாய்ப்பாடு சொல்லிக் குளிப்பார். ஒருநாள் கொஞ்சம் மிதப்பாகப் பதினாறாம் வாய்ப்பாட்டை எடுத்தவர், பாதியில் மாட்டிக்கொண்டு யோசித்தார். அடுத்த நொடி கதவு இடிபட்டுத் தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. "பதினாறெட்டு எவ்ளோன்னு யோசிச்சிக்கினு இருந்தேன் சார்" என்றார் வாத்தியார், ஈரத்துண்டைப் பிடித்தபடி, அழாத குறையாக.

"குளிக்கிற எடத்துல இன்னாத்துக்கு யோசன? அஞ்சாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றார் பாட்டு சார்.

இரண்டாவது குடித்தனம் மல்லாட்டை மண்டிக்காரர். அவர் நிலக்கடலை மூட்டையை ஏலம் கூவிக்கொண்டே குளிப்பார். தெருவில் போன ஒரு வண்டிக்காரர் அதை நம்பி மாட்டை நிறுத்திவிட்டு, மூட்டை எங்கே இருக்கிறது என்று எங்கள் வாசலில் வந்து விசாரித்ததுண்டு.

நாங்கள் சிரித்தோமே ஒழிய, காரணம் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் குடிவருவதற்கு முன்னால் அந்த மனுஷன் எதற்கெடுத்தாலும் "பாத்துக்கலாம்" என்கிற ஆசாமி. ஓடு உடைந்தால் பாத்துக்கலாம், கிணற்று உருளை கழன்றால் பாத்துக்கலாம். பாய்லரின் தகரக் குழாய் துருப்பிடித்து விட்டுப்போயிற்று. அவர் சம்சாரம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். தீபாவளி போவட்டும் என்றார். அது போனதும் பொங்கல் போவட்டும் என்றார். பொங்கலுக்கு முன்னால் மார்கழி வந்துவிட்டது. குளிருக்குச் சன்னலைச் சாத்திக்கொண்டு அந்த அம்மா குளிக்கப் போனாள். கரி கனிந்தபின் வருகிற நச்சுக்காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது காதில் விழுந்தது. தலை துவட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். கதவை உடைத்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

காரியம் முடிவதற்குள் ஆளைக் கூட்டிவந்து புதுக்குழாய் போட்டுவிட்டாராம். "அர மணி நேர வேல தம்பி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "உக்காந்து பாத்துக்கினே இருந்தேன். அர மணி நேரந்தான்."

மூன்றாவது குடித்தனம் நான். எனக்குக் கல்யாணம் ஆனதும் சிக்கல் வந்தது. என் மனைவி செல்வி திண்டிவனத்துப் பெண். வெளியே ஓர் ஆம்பளை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, புதுப்பெண் எப்படிப் பாடுவாள்? "வேற வூடு பாருங்க, இல்லன்னா நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்" என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் நேரே அவரிடம் போனாள்.

"ஐயா, நீங்க தெரு வாசல்லயே உக்காருங்க. நான் சொம்பால பக்கெட்ட தட்டிக்கினே குளிக்கிறேன். அங்க கேக்கும்."

"நடுவுல நிறுத்தக் கூடாது தாயி."

"நிறுத்த மாட்டேன்."

அன்றுமுதல் டங், டங் என்று ஒரு கோயில்மணி எங்கள் வீட்டில். அது அடிக்கிறவரை அவர் வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

திண்டிவனத்தில் அவள் அப்பா வீட்டுப் பாய்லர் குழாயும் ஓட்டை என்று அவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். போச்சு. போகிப் பண்டிகைக்கு நாங்கள் புறப்பட்டபோது அவரும் ஒரு தகரக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். "பெருசு, யார் மேல குண்டு போடப் போற?" என்று கேட்டார் கண்டக்டர். அவர் சிரிக்கவில்லை.

என் மாமனார் வாய் நிறைய வரவேற்றார். "குழாய்க்கு இன்னா அவசரம்? பண்டிக போவட்டும், பாத்துக்கலாம். நீங்க சாப்பிட வாங்க."

பாட்டு சார் முகம் வெளுத்துவிட்டது. போய்ப் பாய்லர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "மாட்டுற வரைக்கும் எனக்குத் தண்ணி கூட வாணாங்க." இலை போட்டாயிற்று, வடை ஆறிற்று, மனுஷன் அசையவில்லை. போகியன்று எந்த ஆள் வேலைக்கு வருவான்? கடைசியில் என் மாமனாரே வேட்டியை மடித்துக் கட்டி ஏணியில் ஏறினார். முகமெல்லாம் கரியோடு இறங்கிவந்து, "பேஜாரு புடிச்ச ஆளுய்யா உங்க வீட்டுக்காரரு" என்று என்னிடம் முணுமுணுத்தார். செல்விதான் பாட்டு சாருக்குப் பரிமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்று இலையை மறைத்தவருக்கு, கையை விலக்கி விலக்கி வடை வைத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். பிள்ளைகுட்டி கிடையாது. தூரத்து உறவுக்காரர் சிலர் வந்தார்கள். முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, அந்தப் பாய்லரிலிருந்தே வெந்நீர் பிடித்து விளாவிக் குளிப்பாட்டினோம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வாத்தியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் அத்தனை அமைதியாக யாரும் குளித்ததே இல்லை. என்னால் தாங்க முடியவில்லை.

டங் என்று சத்தம் கேட்டது. செல்வி சொம்பால் பக்கெட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, சாவு வூட்ல?" என்று அதட்டினார் உறவுக்காரர் ஒருத்தர்.

"சத்தமில்லாம எப்புடிங்க அவர குளிக்க வுடறது?" என்றாள் அவள், நிறுத்தாமல்.