கப் மேடம் கேட்ட தேதி

இந்திய சர்க்காரில் தேதி கேட்டே எதிரிகளைச் சம்பாதித்தவர் எங்கள் கப் மேடம் ஒருவர்தான். யார் எந்த வேலையைப் பற்றிப் பேசினாலும் இந்தியில் "கப்?" என்பார். எப்போது என்று அர்த்தம். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி அன்றுதான் டெல்லியில் சேர்ந்த எனக்கு அது தெரியாது. என்னிடமும் "கப்?" என்றதும், கேன்டீனுக்கு ஓடி ஒரு கப் டீ கொண்டுவந்து வைத்தேன்.

நிதானமாகக் குடித்து முடித்தார். "டீ நல்லாத்தான்யா இருக்கு. வேலை எப்பம் முடியும்னுல்லா கேட்டேன்?" பாளையங்கோட்டைக்காரர்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் இலாகாவுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதற்கு ஏ.சி., எங்களுக்கு மண்பானைத் தண்ணீர். கம்ப்யூட்டர் வேலைகளைத் திட்டமிட்டு நடத்த வெளிக் கம்பெனி ஆட்கள்தான் லாயக்கு என்றார் பெரிய அதிகாரி. ஏன், நாங்கள் என்ன மண்ணாந்தைகளா? மேடம் சண்டை போட்டு, என்னையும் சேர்த்து, ஃபைல் சுமந்துகொண்டிருந்த ஆறு குமாஸ்தாக்களைப் பொறுக்கி எடுத்தார். தேறாவிட்டால் ஆறு பேரும் பழைய நாற்காலிக்கே போக வேண்டும். எனக்கு வைத்திருந்த நாற்காலி தபால் பிரிவில், கோந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

பயிற்சி என்ன தெரியுமா? சரோஜினி நகர் தையல்காரரிடம் ஆளுக்கொரு சட்டை தைக்கக் கொடுத்து, நிஜமான தேதி வாங்கி வரச் சொன்னார். தையல்காரர் எல்லோரிடமும் "கல்" என்றார். இந்தியில் அது நாளையும்தான், நேற்றும்தான். ஐந்து பேர் நம்பித் திரும்பினார்கள். நான் கடையிலேயே உட்கார்ந்து விசாரித்தேன். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவர் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வருவாராம். மேடத்திடம் போய், "செவ்வாய் சாயங்காலம்" என்றேன்.

"அவ்வளவுதான்யா மேனேஜ்மென்ட்! தைக்கிறவன்ட்ட கேக்காத, காஜா எடுக்கிறவன்ட்ட கேளு."

பிறகு, ஊழியர்களின் விடுப்புப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலைக்கு என்னையே பொறுப்பாக்கினார். "மார்ச்சுக்குள் ஹோ ஜாயேகா?" என்று கூட்டத்தில் கேட்டார் பெரிய அதிகாரி. முடிந்துவிடும்தானே என்கிறாராம். கம்ப்யூட்டருக்கு விவரம் ஏற்றக் கார்டில் துளையிடும் பெண்களிடம், எப்போது முடியும் என்று நான் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன்.

"நஹீன் ஹோகா, சார். மே முப்பத்தொன்று." முடியாது என்றே சொல்லிவிட்டேன்.

"உன்னைத் தபால் பிரிவுக்கே அனுப்பட்டுமா?" என்று மேஜையைத் தட்டினார். மேடம் எழுந்தார். "அவரை அனுப்புவதானால் என்னை அனுப்புங்கள், சார். தேதி மாறாது" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அனுப்பிவிட்டார்கள், மேடத்தை. கம்ப்யூட்டர் வாசனையே இல்லாத ஒரு பிரிவுக்கு. எங்கள் ஆறு பேருக்கும் வந்ததே ரோஷம்! மே இருபத்தொன்பதிலேயே வேலையை முடித்தோம். வெளிக் கம்பெனிப் பேச்சு அத்தோடு ஒழிந்தது. மேடத்தின் புது அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ரெண்டு நாள் முந்திட்டியே. அப்பம் நீ சொன்ன தேதி தப்புல்லா?" என்று முறைத்தார். கண் கலங்கியிருந்தது.

என்னை ஒரு மேனேஜராக மதித்துத் திட்டிய முதல் ஆள் அவர்.