ஒன்பது கேள்விக்கும் பதில் சொன்ன கம்பெனி

"மூணாவது கேள்விக்கே உங்கிட்டப் பதில் இல்லையே புள்ள, அப்பறம் எப்படிப் பணத்த எடுத்துத் தாரது?" என்றார் முருகானந்தம்.

எதிரே நின்றது ஏதோ கம்பெனிக்காரர் அல்ல, அவருடைய மனைவி பூங்குழலி. அவள் கேட்டது கிழங்கு சீவுகிற மெஷின் ஒன்று. வீட்டிலேயே மரவள்ளிக் கிழங்கு வறுவல் போட்டு விற்கலாம் என்பது அவள் யோசனை. சேலத்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அவள் தங்கையின் தோழிகள் அந்த வறுவலுக்கு அடித்துக்கொள்வார்கள். பணத்துக்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அவளே பறித்து, அவளே காயவைத்து, அவளே மூட்டை கட்டிய மிளகை விற்ற பதினெட்டாயிரம் ரூபாய் முருகானந்தத்தின் பேங்க் கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வீட்டுத்தொழில் என்று வந்துவிட்டால் முருகானந்தம் கணவராக நடந்துகொள்வதில்லை, அதிகாரியாகிவிடுவார். செம்மேட்டில் மோசடி விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று அரைநாள் நடந்தது. அதற்கு மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தவர் அவர். அங்கே கொடுத்த தாளில் நாலு கேள்விகள் இருந்தன. தன் சொந்தச் சரக்கு ஐந்தைச் சேர்த்து ஒன்பதாக்கி, அதற்கு 'முருகானந்தம் தேர்வு' என்று பெயரும் வைத்திருந்தார்.

"வாடிக்கையாளர் எங்கே? இதான் மூணாவது கேள்வி. நம்ம வளப்பூர் நாட்டுல எல்லாத்து ஊட்டுலயும் கிழங்கு கெடக்குது. காசு குடுத்து எவன் வாங்குவான்?"

"பஸ்ஸுல போறவங்க வாங்குவாங்க."

"பஸ்ஸுல போறவன் போயிருவான். யாவாரம்னா கூட்டம் நிக்கோணும். நின்னா சொல்லு, பாக்கலாம்."

"செரிங்க" என்றாள் பூங்குழலி.

அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு போன் வந்தது.

அந்த ஊரில் போன் பேச வேண்டுமென்றால் பஸ் நிற்கும் வளைவிலுள்ள பாறைக்குத்தான் வர வேண்டும். வேறெங்கும் டவர் கிடையாது. பாறையிலும் காதில் வைத்தால் விட்டுவிட்டுக் கேட்கும். ஸ்பீக்கரில் போட்டு, கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். காளியண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு, அவர் சம்பந்தி அவரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்.

"சார், வீட்ல இருந்தே பென்சில் பேக்கிங் சார். மாசம் முப்பதாயிரம். ரெஜிஸ்ட்ரேஷன் ரெண்டாயிரம்தான்."

முருகானந்தத்தின் மார்பு விரிந்தது. இந்த நாளுக்காகத்தானே அவர் செம்மேட்டில் சாப்பிட்டது!

"மொதல் கேள்வி. ஆபீஸ் எங்க இருக்குது?"

"மெயின் ரோட்ல சார்."

"எந்த ஊரு மெயின் ரோடு?"

"எல்லா ஊர்லயும் இருக்கு சார்."

"ரெண்டாவது கேள்வி. பதிவு எண் என்ன? அது கெடக்கட்டும், பென்சில் செய்யற கம்பெனிக்கு அத டப்பாவுல போடத் தெரியாதா?"

லைன் கட்டானது. பாறையைச் சுற்றி நின்ற ஏழு பேரும் கை தட்டினார்கள். "ஓடிட்டான்டா!" என்று காளியண்ணன் துள்ளிக் குதித்தார். சர்க்கரைக்கு அது நல்லதுதான்.

கணவருக்குச் சாம்பிள் காட்டலாம் என்று பூங்குழலி ஒரு தட்டு நிறைய வறுவல் கொண்டுவந்திருந்தாள். உற்சாகத்தில் ஆளுக்கொரு கை வைத்ததில் தட்டு காலி.

"இன்னும் இருக்குதா கண்ணு? காசு வேணாலும் வாங்கிக்க" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னாயி.

மறுநாள், நாலரை மணி பஸ் வந்து நின்ற கையோடு அடுத்த போன் வந்தது. இம்முறை தேன் ஒழுகும் பெண் குரல். மெழுகுவர்த்திக் கம்பெனி. இரண்டாவது கேள்வியில் விழுந்தது. அதற்கு மறுநாள் ஊதுபத்தி, இன்னொரு பெண். நாலாவது கேள்வியில் அழுதே விட்டாள். அதற்கடுத்த நாள் காளான். ஒவ்வொன்றும் சரியாக நாலரைக்கு வந்தது.

"இந்தக் கும்பல்ல எல்லாம் பொம்பளப் புள்ளைகளயே வெச்சிருக்கானுக" என்று முருகானந்தம் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். "கவனிச்சீங்களா? தெனமும் நம்மளத் தேடித்தான் வாராங்க. இந்தியா பூரா மோசடிக்காரங்க கையில என்ற நம்பர் போயிருச்சு!" இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் விருது வாங்கியவரின் களை இருந்தது.

மலையின் இன்னொரு ஊர்த்தொகுதியான குண்டனி நாட்டிலிருந்துகூட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். டிரைவர் பத்து நிமிடம் பஸ்ஸை நிறுத்தி வைத்தார், பயணிகளும் இறங்கி நின்றார்கள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை என்று புகார் வந்ததும், கோயில் நோம்பிக்கு மைக்செட் போடும் குப்புசாமி பாறைமேல் மைக் கட்டிவிட்டார். முருகானந்தம் சலவைச் சட்டைக்கு மாறினார். அவருடைய கிழங்குக் காட்டில் களை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, அதுவும் எட்டிப் பார்த்தது.

பாறையடியில் பூங்குழலி அடுப்பு மூட்டி வாணலி வைத்தாள்.

"இது விழிப்புணர்வு நடக்கற எடம். இங்க எதுக்குப் புள்ள வாணலி?"

"நிக்கறவங்களுக்குப் பசிக்குமுங்க."

"சேவைன்னா செரி."

சேவை பொட்டலம் இருபது ரூபாய் என்று சூடாகப் போனது. ஒரு நாளைக்கு இருபது கிலோ கிழங்கைக் கத்தியால் சீவியதில் பூங்குழலியின் இரண்டு விரல்களில் துணிக்கட்டு ஏறியது.

"ஏனுங்க, இப்பவாவது மெஷின் வாங்கலாமுங்களா? கூட்டந்தான் நிக்குதுங்களே."

"அது என்ற கூட்டம்" என்றார் முருகானந்தம். "எம் பேச்சக் கேக்க வந்தவங்கள உன் வாடிக்கையாளர்னு சொன்னா, அதுவே ஒரு மோசடி."

பூங்குழலி மூன்றாவது விரலையும் வெட்டிக்கொண்டாள்.

பத்தாம் நாள்தான் சிக்கல் வந்தது. பாக்குமட்டைத் தட்டுக் கம்பெனியை ஐந்தாவது கேள்வியில் வீழ்த்தி, கைதட்டலுக்காக அவர் நின்றபோது காளியண்ணன் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, எல்லாத்தயும் ஃபெயிலாக்கறீங்களே, பாஸாகற கம்பெனின்னு ஒண்ணு ஒலகத்துல இருக்குதா இல்லீங்களா?"

"அதானே," என்றாள் பொன்னாயி. "கேள்வி கேக்கறவருக்கே பதில் தெரியுமோ என்னமோ."

கூட்டம் சிரித்தது. இதுவரை கம்பெனிகளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. சலவைச் சட்டைக்குள் முருகானந்தத்துக்குக் குப்பென்று வியர்த்தது. மைக்கைப் பிடுங்கினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஒம்போது கேள்விக்கும் பதில் சொல்ற கம்பெனி வரட்டும். என்ற மிளகுப் பணம் பதினெட்டாயிரத்தையும் இதே பாறையில நின்னு, இதே போன்ல போடறேன்!"

"ஐயோ, அது என்ற மிளகுங்க!" என்று பூங்குழலி கரண்டியோடு ஓடிவந்தாள்.

"சும்மா இரு புள்ள" என்று மைக்கை மூடிக்கொண்டு கிசுகிசுத்தார். "ஒம்போதும் எவளாலயும் முடியாது. எனக்கே எட்டாவது கேள்விக்குப் பதில் தெரியாது."

மறுநாள் பாறையைச் சுற்றி எள் போட இடமில்லை. நாலரைக்கு போன் அடித்தது.

"வணக்கம் சார். மலைச்சாரல் வறுவல் கம்பெனி மேனேஜர் பேசறேன்" என்றது புதிய குரல் ஒன்று. கணீரென்று, அவசரமில்லாத குரல்.

விலாசம் கேட்டார். கதவு எண்ணோடு வந்தது. பதிவு எண் கேட்டார். பதிவுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், கிடைக்கும்வரை அதைக் காட்டிப் பணம் வசூலிக்க மாட்டோம் என்றும் பதில் வந்தது. கூட்டம் "ஓ!" என்றது.

"மூணாவது கேள்வி. வாடிக்கையாளர் எங்கே?"

"உங்க பாறையச் சுத்தி நிக்கறாங்க சார். சத்தம் எனக்கே கேக்குதே!"

விசில் பறந்தது. நாலு, ஐந்து, ஆறு. முருகானந்தத்தின் குரல் கேள்விக்குக் கேள்வி மெலிந்தது. எட்டாவது கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன பதிலை, மறந்துவிடக் கூடாதென்று அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"கடசிக் கேள்வி! முன்பணம் எவ்வளவு கேப்பீங்க?"

"ஒரு ரூபா வேண்டாம் சார். முன்பணம் கேக்கற கம்பெனிய நீங்களே நம்பாதீங்க. மெஷின் மட்டும் நீங்க வாங்கோணும். சேலத்துல கடை. விசாரிச்சுட்டுக் கடைக்கே நேராப் பணம் போடுங்க. பில்லு, வேலை செய்யறவங்க பேருல வரும்."

"வேலை செய்யறவங்கன்னா?"

"கிழங்கு சீவறவங்க சார்."

எல்லோரும் பூங்குழலியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் விரல்களைப் புடவையில் மறைத்துக்கொண்டாள்.

"பத்தாவது கேள்வி..." என்று முருகானந்தம் தொடங்கினார்.

"ஒம்போதுன்னுதானே சொன்னீங்க!" என்று கூட்டம் கொதித்தது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தே கண்டித்தார்.

காளியண்ணன் தன் போனிலிருந்து சேலத்துக் கடைக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டு விசாரித்தார். கடை இருந்தது, மெஷினும் இருந்தது. விலை பதினேழாயிரத்து எண்ணூறு. தப்பிக்க வழியில்லை. முருகானந்தம் பணத்தை அனுப்பினார். பாறை அதிரக் கை தட்டினார்கள்.

"எனக்கும் ஒண்ணு போடுங்க!" "எங்க ஊட்டுக்கும் ஒண்ணு!" என்று ஏழெட்டுப் பேர் முண்டியடித்தார்கள்.

"ஒரு ஊருக்கு ஒரு ஆள்தாங்க" என்றது குரல். "மத்தவங்க மெஷின் வந்து ஓடறதக் கண்ணால பாத்துட்டு அப்பறம் யோசிங்க." லைன் கட்டானது.

"பணம் வேண்டாம்னு சொல்ற கம்பெனிய எங்க கண்டிருக்கோம்!" என்று பொன்னாயி நெகிழ்ந்துபோனாள். அன்றைக்கு வறுவல் பத்தே நிமிடத்தில் தீர்ந்தது.

கைதட்டல் காதில் விழ விழ முருகானந்தத்துக்கு உயிர் திரும்பியது. முகத்தில் பெருமிதத்தைப் பொருத்திக்கொண்டு மைக் முன்னால் வந்தார்.

"நூத்துல ஒரு கம்பெனிதான் உண்மையானது. அந்த ஒண்ணக் கண்டுபுடிக்க ஒரு தனிக் கண்ணு வேணும். என்ற சம்சாரத்துக்கு இது புரியாது, பாவம். அவளுக்கு ஒரு தொழில நான்தான் தேடித் தர வேண்டியிருக்குது..."

அப்போது வாணலிக்குப் பக்கத்தில் இருந்த பூங்குழலியின் போன் அடித்தது. அவள் கை முழுக்க மிளகாய்ப்பொடி.

"உடுங்க, நான் அப்பறம் பேசிக்கறேன்" என்றாள் அவசரமாக.

"கம்பெனியாத்தான் இருக்கும். பெரிய எடத்துப் பேச்சு, நீ பேசினா செரியா வராது." அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, ஊர் வழக்கப்படி உயரத் தூக்கி மைக்குக்கு நேராகவே பிடித்தார்.

ஒன்பது கேள்விக்கும் பதில் சொன்ன அதே கணீர்க் குரல் மலை முழுக்கக் கேட்டது.

"அக்கா, மெஷினுக்குப் பணம் வந்திருச்சுன்னு கடைக்காரரு சொல்லிட்டாரு, இங்க ஹாஸ்டல்ல உங்க தங்கச்சி ரூமுலதான் ஒரே சண்டை, நாளைக்கு மாமாகிட்ட மாட்டிக்கிறது யாரு மொறைன்னு!"