அரக்கனுக்குப் பல் பிடுங்கியது

அரக்கனின் பற்களைப் பிடுங்கிவிடுவது என்று முடிவாயிற்று.

"எல்லாப் பல்லையுமா மேடம்?" என்று கேட்டார் ஓவியர்.

"கோரைப்பல் ரெண்டும் போனா போதும்," என்றார் அருங்காட்சியகக் காப்பாளர் அம்மாள். "வர்ற பள்ளிக்கூடமெல்லாம் அழுதுகிட்டேதான் திரும்பிப் போவுது. நேத்து ஒரு டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களா?'ன்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

ஓவியர் சுவரோரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டார். செருப்பு மாட்டிக்கொண்டு தூரிகை பிடித்தால் அவருக்குக் கை ஓடாது. முக்காலியை நாலாவது பலகையின் அடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாம் அரும்பாடுபட்டு வளர்த்த பற்களைத் தம் கையாலேயே அழித்தார்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுவது நல்லது. அந்தச் சிறிய அருங்காட்சியகத்தில் 'காலந்தோறும் அரக்கர்கள்' என்று ஒரு புதிய கூடம் திறந்திருந்தார்கள். மனிதர்கள் கல்லிலும் சுவரிலும் ஏட்டிலும் வரைந்துவைத்த அரக்கர்களையெல்லாம் கால வரிசையில் நிறுத்திக் காட்டவேண்டும் என்பது காப்பாளரின் நெடுநாள் ஆசை. அசல்களை வரவழைக்க வசதி இல்லை. ஆகவே ஆளுயரப் பலகைகளில் நகல் வரைந்து தருவதற்கு, ஊரில் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த நம் ஓவியரைக் கூப்பிட்டார்கள்.

அதுவரை அவரிடம் யாரும் ஒரு முகம் வரையச் சொன்னதில்லை. 'இங்கே வண்டி நிறுத்தாதீர்', 'விடுமுறை நாள் ஞாயிறு' என்று எழுத்தாகவே வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை 'நாய் ஜாக்கிரதை' பலகையில் ஆசைப்பட்டு ஒரு நாயையும் வரைந்து கொண்டுபோனார். "எழுத்து மட்டும் இருக்கட்டும், நாயை நாங்களே வச்சிருக்கோம்" என்று சொல்லி அழிக்கவைத்துவிட்டார் வீட்டுக்காரர்.

அப்படிப்பட்டவருக்குப் பன்னிரண்டு அரக்கர்கள் கிடைத்தால் விடுவாரா? காப்பாளர் அவரை உட்காரவைத்து ஒரு பாடமே எடுத்தார்.

"ஆரம்பத்துல அரக்கனை வாசல்ல காவலுக்குத்தான் வச்சாங்க. சிங்க மூஞ்சி, கழுகுக் கால். அதைப் பார்த்தா வேற கெட்டது எதுவும் உள்ள வராது பாருங்க. அப்புறம் வந்தவங்க கொம்பு வச்சாங்க, வௌவால் ரெக்கை வச்சாங்க, வயித்துல இன்னொரு மூஞ்சி வச்சாங்க. அதுக்கும் அப்புறந்தான் ஒரு வீரனைக் கொண்டாந்து, அவன் காலுக்குக் கீழ அரக்கனைப் போட்டாங்க. கீழ கிடக்கறவன் எவ்வளவு பயங்கரமோ, மேல நிக்கறவன் அவ்வளவு பெரிய ஆளு. அதனால பல்லை மட்டும் குறைச்சிடாதீங்க."

ஓவியர் குறைக்கவில்லை. அந்த நாலாவது பலகைக்காக அவர் பட்டபாடு கொஞ்சமல்ல. திறப்பு நாளன்று அவர் மனைவி வந்து ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டே போனாள். வயிற்றில் முகம் வைத்த இரண்டாவது அரக்கன் முன்னால் நின்றாள்.

"ஏங்க, இந்தத் தொப்பை நம்ம வீட்டுத் தொப்பைதானே?"

"மெதுவாப் பேசேன்."

நாலாவது பலகையில் வீரன், கீழே மல்லாந்து கிடக்கும் அரக்கனின் நெஞ்சில் ஒரு காலை ஊன்றி, கழுத்துக்கு நேரே ஈட்டியை நீட்டிக்கொண்டு நின்றான். மனைவி குனிந்து பார்த்தாள்.

"இது உங்க கால்!"

"கண்ணாடி முன்னால முக்காலி மேல காலை வச்சுப் பார்த்து வரைஞ்சேன். காலுக்குன்னு ஒரு ஆளை எங்க போய்த் தேடறது?"

"அதுக்காக அந்தக் கறுத்துப்போன நகத்தையுமா வரைவாங்க?"

"உள்ளதை உள்ளபடி வரையணும்னு மேடம் சொல்லிட்டாங்க," என்றார் ஓவியர். பலகை ஒன்று விழுந்து கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது அவருக்கு. அந்த நகம் அவ்வளவு அச்சாக வந்திருந்ததில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

இந்தக் கூடம் நல்லபடியாக நடந்தால் அடுத்துப் 'பறவைகள்' கூடத்தையும் அவரிடமே தருவதாகக் காப்பாளர் வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி அதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவளுடைய தம்பி, அதாவது ஓவியரை இத்தனை வருஷமாக 'எங்க எழுத்தாளர்' என்று கிண்டலடித்து வந்த மச்சான், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பார்க்க வருவதாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள்.

கூடத்துக் காவலாளி நடந்ததை நடந்தபடி சொன்னான். "மொத மூணு பலகைகிட்ட நல்லாத்தான்ணே சிரிக்குதுங்க. ரெண்டாவதுல ஆளை முழுங்குது பாருங்க, அதைப் பார்த்து ஒரு பொடியன், 'எங்க அக்கா இப்படித்தான் சாப்பிடும்'கறான். நாலாவதுகிட்ட வந்ததும் சத்தமே இருக்காது. அப்புறம் ஒண்ணு ஆரம்பிக்கும். உடனே எல்லாம் சேர்ந்துக்கும்."

"பயம் உடனே வெளிய வராது," என்று காப்பாளர் விளக்கினார். "உள்ள சேர்ந்துகிட்டே வரும். மூணு பலகையோட பயமும் மொத்தமா நாலாவதுல கொட்டுது."

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஓவியருக்கும் பட்டது. ஐந்தாவது பலகையை இதுவரை எந்தக் குழந்தையும் எட்டிப்பார்த்ததில்லை. அங்கிருந்த எட்டு அரக்கர்களும் பார்க்க ஆளில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

பல் போன மறுநாள் வேறொரு பள்ளி வந்தது. ஓவியர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். முன்பு சிணுங்கல்தான் இருந்ததாம். இப்போது கேவல்.

"பல்லு போனதும் கன்னம் ஒட்டிப்போச்சுண்ணே," என்றான் காவலாளி. "வாய் உள்ள போயி என்னமோ மாதிரி இருக்கு."

"பல்லு இல்ல, கண்ணுதான் காரணம்," என்றார் காப்பாளர். "அந்த ரத்தச் சிவப்பும் உருட்டலும்! கண்ணைச் சாந்தமாக்குங்க."

ஓவியர் கண்ணைச் சாந்தமாக்கினார். சிவப்பை எடுத்தார். உருண்டு நின்ற விழியைப் பாதி மூடினார். கொஞ்சம் இமைமயிர் வைத்தார். பளபளப்பு இல்லாவிட்டால் கண்ணுக்கு உயிர் இருக்காதே என்று ஓரத்தில் ஒரு சொட்டு வெள்ளையும் தொட்டுவைத்தார். தள்ளி நின்று பார்த்தபோது தமக்கு இத்தனை திறமையா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்றைக்கு வந்த வகுப்பில் ஒரு பையன் தரையில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கமாட்டேன் என்றுவிட்டான். டீச்சர் அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது தம் மூக்கையும் துடைத்துக்கொண்டார். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

காவலாளி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் கிளம்பினான்.

"ஏன்ப்பா, தினமும் இங்கதானே சாப்பிடுவே?"

"எனக்கே முடியலண்ணே. அது என்னையே பார்த்துகிட்டிருக்கறப்ப எப்படிச் சோறு இறங்கும்?"

 கல்லுளிமங்கன் மாதிரி இருக்கும் காவலாளியே பயந்துவிட்டானென்றால் குழந்தைகள் என்ன ஆவார்கள்?

சாயங்காலம் வீட்டில் மனைவி கேட்டாள்: "ஏன் அழறீங்கன்னு அதுங்களையே ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அரக்கனைப் பார்த்து ஏன் அழறேன்னு யாராவது கேப்பாங்களா? தண்ணியில விழுந்தவனைப் பார்த்து ஏன் நனைஞ்சேன்னு கேக்கற மாதிரி இருக்கு. அதோட, அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க. எடுத்தா ராத்திரி கனவுல வருமாம்."

"என் தம்பி பசங்க ஞாயித்துக்கிழமை வருதுங்க. அதுங்களும் அழுதா, அவன் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான்."

"தெரியும்."

"தெருவுல எல்லார்கிட்டயும் பறவைன்னு வேற சொல்லித் தொலைச்சிட்டேன்."

 மனைவி அவருடைய சட்டையில் இருந்த வெள்ளைச் சாயத்தை நகத்தால் சுரண்டிவிட்டாள்.

அடுத்து கொம்பு போயிற்று. முழுக்க எடுத்தால் வரலாற்றுக்குத் துரோகம் என்று காப்பாளர் சொன்னதால், கன்றுக்குட்டிக்கு முளைப்பதுபோல் இரண்டு மொட்டு மட்டும் விட்டுவைத்தார்கள். நகங்களை ஒட்ட வெட்டினார்கள். கரும்பச்சை உடம்பு இளம்பச்சையாகி, கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் ஏறிற்று. வீரனை யாரும் தொடவில்லை. அவன்மேல்தான் யாருக்கும் புகார் இல்லையே! அவன் பாட்டுக்கு நெஞ்சில் காலை ஊன்றிக்கொண்டு கம்பீரமாக நின்றான்.

அந்த வாரம் வந்த பள்ளியின் அழுகை வாசலில் டிக்கெட் கொடுப்பவருக்கே கேட்டது. ஒரு பெற்றோர் நகராட்சிக்கு மனுப் போடப்போவதாகத் தகவல் வந்தது.

காப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இங்க பாருங்க. நீங்க நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. எனக்கும் இந்தக் கூடம் உசிரு. ஆனா நாளைக்கு வர்ற வகுப்பும் அழுதா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. பன்னிரண்டு பலகையும் கீழ சாமான் அறைக்குத்தான். பழைய சுவர்க் கடிகாரம் நிறைய இருக்கு, அதை மாட்டிடுவோம். கடிகாரத்தைப் பார்த்து யாரும் அழமாட்டாங்க."

"ஒரே ஒரு தடவை விட்டுப் பாருங்க மேடம். நான் ஒண்ணு பண்றேன்."

"என்ன?"

"சிரிக்க வச்சிடறேன்."

காப்பாளர் யோசித்தார். "சிரிக்கற அரக்கன் பழைய படத்துல உண்டுதான். ஒரு ஏட்டுல பார்த்திருக்கேன். சரி, சிரிக்கட்டும்."

மறுநாள் காலையில் ஓவியர் அரக்கனைச் சிரிக்கவைத்தார். பெரிய சிரிப்பு இல்லை. விருந்தாளி காலை மிதித்துவிட்டு "பட்டுடுச்சா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நாம் சிரிப்போமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு. கடைவாயில் கடைசிக் கோட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் சலசலப்புக் கேட்டது. வகுப்பு முன்னதாகவே வந்துவிட்டது.

ஓடி ஒளிய நேரமில்லை. ஓவியர் முக்காலியிலேயே வெறுங்காலோடு உட்கார்ந்துவிட்டார். காப்பாளர் கை நிறைய மிட்டாயோடு ஐந்தாவது பலகைக்கு அருகே தயாராக நின்றார். எப்படியாவது பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

"பசங்களா, வரிசை, வரிசை!" என்றார் டீச்சர்.

முதல் பலகையின் கழுகுக் காலைப் பார்த்து ஒருவன் கொக்கைப்போல் நின்று காட்டினான். இரண்டாவதில் தொப்பை முகத்தைப் பார்த்து எல்லாரும் சட்டையைத் தூக்கித் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவதில் இரும்புத்தடி வைத்திருந்த சிவப்பு அரக்கன் இடுப்பில் புலித்தோல் மட்டும் கட்டியிருந்ததால், "ஐயே!" என்று ஒரே சிரிப்பு. ஓவியருக்கு மூச்சு வந்தது. இன்றைக்குத் தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தார்.

நாலாவது பலகை வந்தது. சத்தம் நின்றது.

"இங்க வாங்க கண்ணுங்களா, இங்க மிட்டாய் இருக்கு!" என்றார் காப்பாளர்.

யாரும் நகரவில்லை. பின்வரிசையில் ஒரு மூக்கு உறிஞ்சிற்று. இன்னொன்று. முன்னால் நின்ற ஒரு பையனின் கீழுதடு நடுங்கிற்று. ஓவியர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் வரிசையாகக் கடிகாரங்கள் ஆடின. எல்லாவற்றிலும் மச்சானின் முகம்.

கூடமே அழுதது.

கண்ணைத் திறந்தபோது, ஒரே ஒரு சிறுமி மட்டும் அழாமல் வரிசையை விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தாள். முன்பல் விழுந்த வாய். கையில் தண்ணீர்ப் பாட்டில். பலகைகளுக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து, பலகைக்கு வெகு அருகில் வந்து நின்றாள். பயமே இல்லை. இந்த ஒரு பிள்ளையாவது என் அரக்கனோடு சிநேகமாயிற்றே என்று ஓவியர் பூரித்துப்போனார். காப்பாளரைப் பார்த்து, "பாருங்க மேடம்!" என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

சிறுமி அரக்கனின் சிரிப்பைப் பார்த்தாள். கண்ணோரத்தில் நின்ற வெள்ளைச் சொட்டைப் பார்த்தாள். அதன் நெஞ்சின்மேல் இருந்த பாதத்தைப் பார்த்தாள். விரலை நீட்டி, அந்தப் பாதத்தின் கட்டைவிரலில் இருந்த கறுத்த நகத்தைத் தொட்டாள். பிறகு கீழே குனிந்து, முக்காலியின் கீழ்க்கட்டையில் இருந்த ஓவியரின் வெறுங்காலைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். மறுபடி காலைப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அவள் முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"மாமா, முதல்ல அது மேலேர்ந்து உங்க காலை எடுங்க. பாவம், அதுக்கு வலிக்குது."