நீலத் தாழைக்கோழி மீனான கதை

புனித வெள்ளியன்று இறைச்சி தின்றே தீருவது என்று சபதம் எடுத்தேன். பாவமும் சேரக்கூடாது. என் மனைவி நிகனோரா தவக்காலம் முழுக்க இறைச்சியை வீட்டுக்குள் விடமாட்டாள். ஆறு வாரமாக மீன். பொரித்த மீன், அவித்த மீன், உப்பு மீன். கனவில்கூட முள் குத்தியது.

எங்கள் சதுப்பேரிக் கரையில் ஒரு வசதி உண்டு. தவக்காலத்திலும் ஆமைக்கறி தின்னலாம். தண்ணீரில் வாழ்வதெல்லாம் மீன் கணக்கு என்று எந்தக் காலத்திலோ திருச்சபையில் தீர்ப்பாகிவிட்டது. இந்த வருடம் பார்த்து ஆமை கிடைக்கவில்லை. ஆகாயத்தாமரை இலைமேல் நீலத் தாழைக்கோழிதான் நடந்துகொண்டிருந்தது. சிவப்பு மூக்கு, மஞ்சள் கால், ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளரைப் போல ஒரு மிடுக்கு.

புனித வெள்ளி காலையில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஒன்றைப் பிடித்தேன். சொட்டச் சொட்ட வந்து நிகனோராவிடம் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"மீன்."

"மீனுக்கு எறக்கை இருக்கோ?"

"ஆமைக்குக் கால் இல்லையா? அதைத் தின்னியே! தண்ணியில இருந்தா மீன்தான்டி."

"தண்ணியில இருந்தா மீன். உறுதியா?"

"உங்கம்மா மேல சத்தியம்!"

அவள் அதை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அப்படி நடந்ததே கிடையாது. நான் உஷாராகியிருக்க வேண்டும். நாக்கு விடவில்லை.

தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு கொதித்தது. வாசனை பிடித்து மாமியார் எஃபிஹேனியா கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துவிட்டார். மீன் என்ற பேரில் அவருக்குத் தட்டு வந்தது. நிகனோராவுக்கும் வந்தது.

"என் தட்டு எங்கடி?"

"ஏம்மா, புனித வெள்ளியன்னிக்கு ஏரியில எறங்கினவங்க என்ன ஆவாங்க?" என்று நிகனோரா தன் அம்மாவிடம் கேட்டாள்.

"மீனா மாறிடுவாங்க. ஊருக்கே தெரிஞ்ச விஷயமாச்சே," என்றார் மாமியார், எலும்பைச் சப்பியபடி.

"சுத்த மூடநம்பிக்கை! தண்ணியில இருந்தா மீனாயிடுமா?" என்று கத்தினேன்.

மாமியாரின் வாய் பாதி மெல்லலில் நின்றது.

"ஆகாதா? அப்போ இது கோழியா மாப்ளே? புனித வெள்ளியில எனக்குக் கறியா போட்டீங்க?"

அவர் கையில் கரண்டி வேறு இருந்தது.

"ஐயோ, இல்ல அத்தை! மீன்தான்! தண்ணியில இருந்தா மீனேதான்!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றாள் நிகனோரா.

ஒரு சோளரொட்டியை எடுத்துப் பொடிப்பொடியாக உதிர்த்து, மீனுக்கு இரை போடுவதுபோல என் முன்னால் தூவினாள்.