போகாமலே திரும்பி வந்த சரக்கு

விளாங்குடியில் குக்கர் வளையம் செய்யும் ரப்பர் ஆலையின் அதிபர் வெங்கடரமணன், தம் ஆலையை இனி மென்பொருளே நடத்தவேண்டும் என்று முடிவு செய்தார். காரணம் வலுவானது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "உங்க ஃபேக்டரி எந்த சாஃப்ட்வேர்ல ஓடுது?" என்று கேட்டுவிட்டார். "கரண்ட்ல ஓடுது" என்று இவர் சொன்னதும் பந்தியே சிரித்தது. பாயசம் இறங்கவில்லை.

உடனே தேர்வுக் குழு அமைந்தது. அதிபர், அவர் மைத்துனர், உற்பத்தி மேலாளர் ராதாமணி. எந்த மெஷின் எப்போது முரண்டு பிடிக்கும் என்பது ராதாமணிக்கு அத்துபடி. ஆகவே அவளைக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

முதல் கம்பெனிக்காரர், "உங்க ஆலையில என்ன பிரச்சினை சார்?" என்றார். வந்ததும் வராததுமாகக் குறை காண்கிறவர் என்று நிராகரிக்கப்பட்டார். இரண்டாமவர் காட்டியது ராதாமணிக்குப் பிடித்துப்போனது. ரப்பர் எவ்வளவு இருக்கிறது, எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது, எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது.

"இதையே எடுத்துக்கலாம் சார். பாத்ததும் புரியுது."

அதிபரின் முகம் சுண்டியது. "பாத்ததும் புரியுறதுக்கு எதுக்கும்மா சாஃப்ட்வேர்?"

மூன்றாவதாக வந்த விஜய்ஆனந்த் வெகுநேரம் பேசினார். யாருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. மைத்துனர் தலையாட்டினார். அதைப் பார்த்து அதிபர் ஆட்டினார். தான் மட்டும் ஆட்டாமல் இருக்கக் கூச்சப்பட்டு ராதாமணியும் ஆட்டினாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மென்பொருள் பதவியேற்ற வாரமே கோவை குக்கர் கம்பெனிக்கு லோடு போகவேண்டியிருந்தது. மறுநாள் காலைக்குள் சேராவிட்டால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும். வளையங்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. திரையில் மட்டும் இருப்பு பூஜ்யம். பில் அடிக்க வழியில்லை.

"மூட்டை கண்ணு முன்னால கிடக்கே தம்பி!" என்றாள் ராதாமணி, மென்பொருளை ஓட்டிக்காட்ட வந்திருந்த விஜய்ஆனந்திடம்.

"அது சிஸ்டம் வர்றதுக்கு முந்தி செஞ்சது மேடம். சிஸ்டத்துல உத்தரவு போடாம செஞ்சது, செஞ்சதா ஆகாது."

"அப்ப இது என்ன?"

விஜய்ஆனந்த் ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். "சிஸ்டப்படி இது இன்னும் இல்ல மேடம்."

லாரி டிரைவர் காளை எட்டிப் பார்த்தார். "அக்கா, இல்லாத சரக்கு எம்புட்டு வெயிட் வரும்? ஏத்தவா, போகவா?"

ராதாமணி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். அம்புட்டுப் பேர் உழைப்பும் வீணாகிவிடுமே! சட்டென்று கேட்டாள்: "கஸ்டமர் வேணாம்னு திருப்பி அனுப்புற சரக்கை சிஸ்டம் எடுத்துக்குமா?"

"அதுக்கு உத்தரவே தேவையில்லை மேடம். காரணம் மட்டும் போடணும்."

ஆக, போகாத சரக்கு கோவையிலிருந்து திரும்பி வந்ததாகப் பதிவாயிற்று. காரணம்: குறைபாடு. திரும்பி வந்த சரக்கைச் சரிசெய்து மறுபடி அனுப்பத் தடையேதும் இல்லை. லாரி கிளம்பியது.

மென்பொருள் கடமை தவறாதது. விடிந்ததும், குறைபாட்டுக்கு வருந்துவதாகக் கோவைக்குத் தானாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. அங்கேயும் ஒரு மென்பொருள் இருந்தது.

கொள்முதல் அதிகாரி மாதங்கி போன் செய்தாள். "வளையம் அருமையா இருக்கு மேடம். ஆனா குறைன்னு உங்க சிஸ்டமே ஒத்துக்கிட்டதால எங்க சிஸ்டம் உள்ள விட மாட்டேங்குது. லாரியைத் திருப்பிட்டோம்."

ராதாமணி அதிபரிடம் போய்ச் சொன்னாள். அவர் திரையைப் பார்த்துத் துள்ளி எழுந்தார்.

"சரக்கு திரும்பி வரும்னு நேத்தே சொல்லியிருக்கு! நம்மள்ல யாருக்காவது தெரிஞ்சுதா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஊருக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். சாயங்காலம், வருவதை முன்கூட்டியே அறியும் மென்பொருளைத் தரிசிக்கப் பக்கத்து ஆலை அதிபர்கள் திரண்டு வந்தார்கள்.

"எப்படிம்மா கண்டுபிடிக்குது?" என்றார் ஒருவர்.

ராதாமணி விஜய்ஆனந்தைப் பார்த்தாள். அவர் பையிலிருந்து ஆர்டர் படிவங்களை எடுத்து அடுக்கினார். "பழகப் பழகப் புரியும் சார்" என்றாள் அவள். பல பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து லாரி வந்து நின்றது. சரக்கை வரவு வைக்கப் போனால் சிஸ்டம் மறுத்தது. அந்தச் சரக்கு ஏற்கெனவே திரும்பி வந்தாகிவிட்டதாம்.

"அப்ப நான் கொண்டாந்தது என்னக்கா?" என்றார் காளை.

"எம்புட்டுக் கண்டிப்பா இருக்கு பாருங்க!" என்று வியந்தார்கள் கையெழுத்துப் போட்டவர்கள்.